அஞ்சடிக்கு நான் கொடுக்காத பணம்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அப்பா விட்டுப்போன கடைவீடு ஒன்று என் பெயரில் இருக்கிறது. அந்த வரிசைக் கடைக்காரர்கள் சேர்ந்து நடத்திய பொதுக் காசு இரண்டாம் வருடம் நின்றுபோனதற்கு நான்தான் காரணம். நான் கையெழுத்துப் போடாததைப் பார்த்துத்தான் மற்ற கட்டட உரிமையாளர்களும் விலகினார்கள்.

பெரிய தொகையெல்லாம் இல்லை. கடைக்கு மாதம் ஐம்பது வெள்ளி. அதில் ராத்திரிக் காவலுக்கு ஒரு ஜாகா, கடைகளின் முன்னால் கூரையோடு போகும் நடைவழியான அஞ்சடியைக் கழுவ ஓர் ஆள், தீபாவளிக்கு விளக்கு. முதல் வருடம் வாடகைக்கு இருப்பவர்களே கட்டினார்கள். புதுப்பிக்கும் நேரத்தில், அஞ்சடித் தரையை ஒரே மட்டமாக்க வேண்டும், அதற்குக் கட்டடக்காரர்களும் சேர வேண்டும் என்று கேட்டார்கள். எங்கள் கடையில் பூ வியாபாரம் செய்பவர் சம்மதத் தாளை எடுத்துக்கொண்டு சுபாங்கில் இருக்கும் என் வீட்டுக்கே வந்தார். "அண்ணே, நீங்க போட்டா மத்தவங்களும் போட்டுருவாங்க" என்றார். தாளை வாங்கி வைத்துக்கொண்டு, பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். அவர் அதன்பின் இரண்டொரு முறை போனில் கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

என்னிடம் அப்போது ஒரு பதில் தயாராக இருந்தது. பிப்ரவரி கடைசிக்குள் ஒரு தடவை, ஆகஸ்ட் கடைசிக்குள் ஒரு தடவை மாநகர் மன்றத்துக்கு மதிப்பீட்டு வரி கட்டுகிறேன். கூட்டுவதும் கழுவுவதும் அவர்கள் பொறுப்பு. அதற்கு மேல் எதற்கு இன்னொரு வரி? இந்த நாட்டில் உள்ளாட்சித் தேர்தலை 1965-இல் நிறுத்தினார்கள், கோலாலம்பூருக்கு அதற்கும் முன்பே போய்விட்டது, ஓட்டுப் போட்டுக் கேள்வி கேட்க முடியாத ஊரில் நான் ஏன் மேலும் மேலும் கொடுக்க வேண்டும் என்றும் பேசியிருக்கிறேன். சொன்னதில் பொய் கிடையாது. இன்றைக்கும் அந்த ஓட்டு வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் ஐம்பது வெள்ளி கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, அதை மறைக்க இந்த நியாயம் உதவியது. ஓட்டில்லை என்று புலம்பிய நான், என் தெருவைப் பற்றி என்னைக் கேட்டு வந்த ஒரே ஓட்டுச் சீட்டை மேசை இழுப்பறையில் போட்டு வைத்தேன்.

இதைவிடச் சொல்லக் கூசும் ஒன்று இருக்கிறது. 2010 அக்டோபர் 27-ஆம் தேதி இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் நம் அன்றைய பிரதமர் நஜீப்பும் எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் லிட்டில் இந்தியாவைத் திறந்துவைத்தார்கள். துன் சம்பந்தன் சாலைக்கு வளைவும் வண்ண விளக்கும் வந்தன. 2015-இல் இந்தியா கொடுத்த தோரண வாயிலும் வந்தது. அரசாங்கக் காசில் தெரு அழகானதைக் காட்டி வாடகையை ஏற்றினேன். ஏற்றியதில் ஒரு காசுகூடத் தெருவுக்குத் திரும்பவில்லை.

அஞ்சடியைப் பற்றித் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. 1822-இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்குப் போட்ட நகரத் திட்டத்திலேயே, கடைகளின் முன்னால் கூரையோடு விடாமல் தொடரும் நடைவழி வேண்டும் என்று இருந்தது. 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தபின் இன்னோர் ஆங்கிலேய அதிகாரி ஸ்வெட்டன்ஹம் செங்கல்லில் கட்டச் சொன்னார். அந்தச் செங்கல் சுட்ட இடம்தான் பிரிக்ஃபீல்ட்ஸ். கட்டடம் நம்முடையதானாலும் அஞ்சடி எல்லோரும் நடக்கும் வழி. அதை அடைக்கக் கூடாது என்று 1974-ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டம் சொல்கிறது.

நான் அடைக்கவில்லை, உயர்த்தினேன். மழைத் தண்ணீர் கடைக்குள் வருகிறதென்று எங்கள் வாசலை ஒரு சாண் தூக்கி, பார்வைக்கு நன்றாக இருக்கட்டுமென்று வழவழப்பான டைல்ஸ் போட்டேன். மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் வளாகம் இருக்கும் பேட்டை இது. சங்கம் 1951-இல் தொடங்கியது. வெள்ளைக் கோலோடு நடப்பவர்கள் இங்கே தினமும் உண்டு. ஒரு மழைநாளில் வாடகைக் கணக்குப் பார்க்கப் போனபோது பெரியவர் ஒருவர் வந்தார். சுவரோரம் தட்டிக்கொண்டே வந்த கோல் என் படியில் முட்டியது. நின்றார். செருப்பு நுனியால் விளிம்பைத் தேடினார். ஒரு கால் வைத்தார், வழுக்கியது. தூணைப் பிடித்துக்கொண்டார். பிறகு சாலையில் இறங்கி, நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிள்களைச் சுற்றி, ஓடும் கார்களின் பக்கமாக நடந்து, அடுத்த கடையில் ஏறினார். பூக்கடைக்காரர் ஓடிப்போய்க் கையைப் பிடித்தார். நான் கணக்கு நோட்டோடு நின்றேன்.

அதற்குப் பிறகுதான் மற்ற ஊர்களில் கடைத்தெருவுக்கான பொதுக் காசு எப்படி நடக்கிறது என்று தேடிப் படித்தேன். டொரான்டோவின் புளூர் வெஸ்ட் வில்லேஜ் கடைத்தெரு, சுரங்க ரயிலாலும் பேரங்காடிகளாலும் ஆள் குறைந்து தவித்தபோது, 1970-இல் எல்லோரும் கட்டியாக வேண்டிய ஒரு கட்டணத்தைக் கொண்டுவந்தது. நகராட்சியே வசூலித்துத் தெருவிடம் கொடுக்கிறது. என்னைப் போல் ஒருவன் நழுவ வழியில்லை. இங்கிலாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி இப்படிப்பட்ட கட்டணம் அதிகபட்சம் ஐந்து வருடம்தான். பிறகு மறுபடி வாக்கெடுப்பு. தலைக்கணக்கிலும் ஜெயிக்க வேண்டும், இடத்தின் மதிப்புக் கணக்கிலும் ஜெயிக்க வேண்டும். பெரிய கட்டடம் சிறிய கடையை அமுக்கவும் முடியாது, சிறியவர்கள் கூடிப் பெரியவர் தலையில் சுமத்தவும் முடியாது. அங்கே பெரும்பாலும் ஓட்டு, கடை நடத்துபவருக்கு. அமெரிக்க நகரங்கள் பலவற்றில் அது சொத்துக்காரர் கையில். இரண்டு பேருக்கும் வேண்டும் என்பது என் கட்சி. கட்டடக்காரன் கையில் மட்டும் ஓட்டைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

சுபாங்கில் நான் இருக்கும் அடுக்குமாடியில், 2013-ஆம் ஆண்டின் ஸ்ட்ராத்தா மேலாண்மைச் சட்டப்படி பராமரிப்புக் கட்டணமும் சேமநிதியும் மறு பேச்சில்லாமல் கட்டுகிறேன். கட்டாவிட்டால் விடமாட்டார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் யாரும் கட்டாயப்படுத்தவில்லை, ஒருவர் வீடு தேடி வந்து கேட்டார். அவரைத்தான் வெறுங்கையோடு திருப்பினேன்.

போன மாதம் கொத்தனாரைக் கூட்டிப்போய் என் வாசலை மட்டும் இறக்கித் தரச் சொன்னேன். அவர் இரண்டு பக்கமும் அளந்து பார்த்தார். பழைய தரை மட்டத்தைவிட வலப்பக்கக் கடை நான்கு விரல் உயரம், இடப்பக்கக் கடை அதைவிட அதிகம். "உங்களத மட்டும் இறக்குனா இங்க பள்ளமாயிடும் ஐயா, ரெண்டு பக்கமும் இடறும். தண்ணியும் இங்கதான் நிக்கும். வரிசை பூரா சேர்ந்து செஞ்சாத்தான் சரியா வரும்" என்றார். இழுப்பறையில் கிடந்த அந்தத் தாளில் இப்போது கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கட்டாமல் விட்ட மாதங்களின் பாக்கியையும் கொடுத்துவிட்டேன். மற்ற உரிமையாளர்களின் வீடுகளுக்கு, பூக்கடைக்காரரை அனுப்பாமல் நானே தாளோடு போய்க்கொண்டிருக்கிறேன். ஒருவர் போட்டுவிட்டார். இன்னொருவர், பார்க்கலாம் என்றார்.