இரண்டு புள்ளி வைத்த எண்

கும்பகோணத்தில் இருக்கும் அந்தக் கணக்கு வாத்தியாருக்கு வயது 74. முப்பத்தாறு வருஷம் சாக்பீஸ் பிடித்த கை. ஓர் எண்ணுக்குள் இரண்டு இடத்தில் புள்ளி இருப்பதை அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. எந்தப் பையனாவது 4.4.2 என்று எழுதியிருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பார். 2024 டிசம்பரில் அவருடைய போனே அப்படி எழுதிக் காட்டியது.

விஷயம் இதுதான். அவர் தினமும் திறக்கும் மெசேஜ் ஆப்பில் ஓர் அறிவிப்பு வந்திருந்தது. ஜனவரி 1 முதல் ஆண்ட்ராய்டு 5.0-க்குக் கீழே உள்ள போன்களில் அந்த ஆப் வேலை செய்யாதாம். வேறு ஆப் என்றால் போகட்டும் என்று விட்டிருப்பார். இதில்தான் அவர் மனைவி அனுப்பிய குரல் செய்திகள் இருக்கின்றன. அந்த அம்மா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. டைப் அடிக்கப் பொறுமை இல்லாதவர். எல்லாவற்றையும் பேசியே அனுப்புவார். மகள் பிரசவத்துக்குப் போயிருந்த இரண்டு மாதத்தில் மட்டும் நூறுக்கு மேல் அனுப்பியிருந்தார்.

வாத்தியார் முதலில் ஆப்புக்குள்ளேயே தேடினார். ஓர் எண் கிடைத்தது. அது 2-ல் ஆரம்பித்தது. ஐந்து எங்கே, இரண்டு எங்கே! பதறிப்போய் போனின் செட்டிங்ஸுக்குள் போய் ‘போனைப் பற்றி’ என்ற பக்கத்தைத் திறந்தார். அங்கே கெர்னல் பதிப்பு என்று 3-ல் தொடங்கும் ஓர் எண், பில்டு எண் என்று எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வால், ஆண்ட்ராய்டு பதிப்பு 4.4.2. இதில் எதைப் பார்ப்பது? கடைசியாக ‘சிஸ்டம் அப்டேட்’ என்பதைத் தட்டினார். ‘உங்கள் போனில் சமீபத்திய பதிப்பே உள்ளது’ என்று வந்தது. பழசு என்கிறது ஆப். புதுசு என்கிறது போன். இரண்டில் ஒன்று பொய் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

பொங்கலுக்கு வர வேண்டிய பேத்தி, தாத்தாவின் குரலைக் கேட்டு அந்தச் சனிக்கிழமையே கோவையிலிருந்து வந்துவிட்டாள்.

“ரெண்டுமே நிஜம்தான் தாத்தா. இந்த போனை 2014-ல வாங்கினீங்க. இதுக்குக் கம்பெனி கடைசியா கொடுத்தது 4.4.2. அதுக்கு மேல அவங்க எதுவும் அனுப்பலை. இந்த போனுக்கு இதுதான் புதுசு. உலகத்துக்கு இது பழசு.”

“அது சரிம்மா, அந்த ரெண்டாவது புள்ளி?”

“அது தசமப் புள்ளியே இல்லை தாத்தா. முதல் எண் பெரிய மாற்றம். நடுவில் இருக்கிறது கொஞ்சம் மாற்றம். கடைசி எண், தப்பைத் திருத்தினது.”

“அப்போ 10.9-க்கு அடுத்து 11 தானே?”

“10.10 கூட வரலாம். ஆப்பிள் கம்ப்யூட்டர்ல 2013-ல 10.9, அடுத்த வருஷம் 10.10.”

கணக்கு வாத்தியாருக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது. 10.10 என்றால் 10.1, அது 10.9-ஐ விடச் சின்னது. இதை ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு எத்தனை முறை சொல்லிக்கொடுத்திருப்பார்! பேத்தி அலமாரியிலிருந்து ஒரு பழைய பாடப்புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். பயிற்சி 3.9 முடிந்ததும் அடுத்த பக்கத்தில் பயிற்சி 3.10. “இதை மட்டும் எப்படி தாத்தா ஒத்துக்கிட்டீங்க?”

அவர் வாய்விட்டுச் சிரித்து நெடுநாள் ஆகியிருந்தது.

எல்லாக் கம்பெனியும் இந்த ஒழுங்கைக் காப்பாற்றுகிறதா என்றால், இல்லை. விண்டோஸ் 8.1-க்கு அடுத்து 10 வந்தது. 9 என்று ஒன்று வரவே இல்லை. நாம் விண்டோஸ் 7 என்று சொன்னதற்கு உள்ளே இருந்த எண் 6.1. ஆப்பிள் ஐபோனுக்கு 18 வரை வரிசையாக வந்துவிட்டு, 2025-ல் ஆண்டைக் கணக்கு வைத்து ஒரே தாவலில் 26-க்குப் போய்விட்டது. ஆண்ட்ராய்டோ பல காலம் தின்பண்டப் பெயர்களை ஆங்கில அகரவரிசையில் வைத்துக்கொண்டிருந்தது. 4.4 கிட்கேட், 5 லாலிபாப், 6 மார்ஷ்மெல்லோ, 9 பை. 2019-ல் வந்த 10-லிருந்து வெளியே வெறும் எண் மட்டும்தான். லாலிபாப் சாப்பிட முடியாததால்தான் தன் போன் செத்தது என்று வாத்தியார் பிறகு பலரிடம் சொன்னார்.

வேலை அன்று இரவே நடந்தது. அவசரப்பட்டு ஆப்பை அழித்திருந்தால் கதை வேறு. பேத்தி முதலில் கேபிள் போட்டு, குரல் செய்திகள் இருந்த ஃபோல்டரை அப்படியே தன் லேப்டாப்புக்கும் பிறகு ஒரு பென்டிரைவுக்கும் நகலெடுத்தாள். அதன்பின் ஆப்பிலேயே பேக்கப் போட்டாள். ஆப் ஓடும்போதே இதைச் செய்துவிட வேண்டும். ஜனவரி பிறந்தபின் வழி கஷ்டம்.

மறுநாள் புது போன் வாங்கப் போனார்கள். கடைக்காரப் பையன் கேமராவின் மெகாபிக்சலைப் பற்றியே பேசினான். வாத்தியார் குறுக்கிட்டு, “தம்பி, இதுல ஆண்ட்ராய்டு எத்தனை? இன்னும் எத்தனை வருஷத்துக்கு அப்டேட் கொடுப்பாங்க?” என்றார். பையன் உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தான். விலை உயர்ந்த சில போன்களுக்கு ஏழு வருஷம் வரை கொடுப்பதாக இப்போது கம்பெனிகள் சொல்கின்றன. பட்ஜெட் போன்களுக்கு அதைவிடக் குறைவு. இவர் வாங்கியதற்கு நான்கு வருஷம் பாதுகாப்பு அப்டேட். பில்லின் பின்பக்கத்தில் 2028 என்று எழுதி வட்டம் போட்டுக்கொண்டார்.

பழைய சிம்மைப் போட்டு, அதே நம்பரில் ஆப்பைத் திறந்து பேக்கப்பை இறக்கினார்கள். அரை மணி நேரம் சக்கரம் சுற்றியது. அதுவரை வாத்தியார் நாற்காலியை விட்டு எழவில்லை; காபி ஆறிப்போனது. ‘போனைப் பற்றி’ பக்கத்தில் வெறும் 14 என்று இருப்பதைப் பார்த்து, “ஒரு புள்ளிகூட இல்லையே!” என்று மட்டும் சொன்னார்.

பேத்தி உள்ளே போனதும், ஸ்பீக்கரைக் காதோடு வைத்து ஒன்றைத் தட்டினார்.

“ஏங்க, வர்றப்ப கால் கிலோ சின்ன வெங்காயம் வாங்கிட்டு வாங்க. போன தடவை மாதிரி அழுகினதைப் பொறுக்கிட்டு வந்துடாதீங்க.”