நியூயார்க்கின் தாலியா திரையரங்கு

நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில், பிராட்வே சாலையும் 95ஆம் தெருவும் சந்திக்கும் முனையில் நிற்கும் கட்டடம், வின்சென்ட் ஆஸ்டர் என்னும் செல்வந்தர் மலிவு விலையில் உணவுப்பொருள்கள் விற்பதற்காக 1915இல் திறந்த அங்காடியாகத் தொடங்கி, அம்முயற்சி விரைவிலேயே தோற்றதால் பனிச்சறுக்குக் கூடமாகவும் திரையரங்காகவும் மாறியது. அதன் நிலத்தடிப் பகுதியில் 1931இல் திறக்கப்பட்ட தாலியா, கிரேக்க நகைச்சுவைக் கலைத்தேவியின் பெயரைத் தாங்கிய சிற்றரங்கு.

கட்டடக் கலைஞர்கள் ரேமண்ட் இர்ரேராவும் பென் ஷ்லாங்கரும், கூரை தாழ்ந்த அவ்விடத்துக்கேற்ப, திரையை நோக்கிச் சரிந்துகொண்டே போகும் வழக்கமான தரைக்கு மாறாக, நடுவில் தாழ்ந்து திரையருகே மீண்டும் உயரும் தரையை அமைத்தனர். கட்டடக்கலை வரலாற்றில் தாலியாவின் இடம் இந்த எதிர்ச்சரிவுத் தரையால் வந்தது. எனினும் முன்னிருப்பவர் தலை திரையை மறைக்கிறது என்ற குறையும் இறுதிவரை நீடித்தது.

அக்குறையைப் பொறுத்துக்கொண்டும் மக்கள் வந்ததற்குக் காரணம், அங்கே காட்டப்பட்ட படங்களே. புதுப்பட வெளியீட்டை நம்பாமல், அயல்மொழிப் படங்களையும் பழைய செவ்வியல் படங்களையும் தேர்ந்தெடுத்து, அடிக்கடி நிகழ்ச்சி மாற்றி, ஒரே சீட்டுக்கு இரண்டு படங்கள் காட்டும் மறுதிரையிடல் அரங்காகத் தாலியா விளங்கியது. வீட்டில் படம் பார்க்க வழியில்லாத அக்காலத்தில், இத்தகைய அரங்குகளே திரைப்பட மாணவர்களுக்கு நூலகமாக இருந்தன. வூடி ஆலனின் 'ஆனி ஹால்' (1977) படத்தில் தாலியாவின் வாயில் இடம்பெற்றதும் அதன் புகழின் அடையாளமே.

1980களில் வீடியோ கேசட்டுகள் பழைய படங்களை வீட்டுக்கே கொண்டுவந்தன; மன்ஹாட்டனின் நிலமதிப்போ ஏறிக்கொண்டே போனது. தாலியா 1987இல் மூடப்பட்டது.

1978இல் கட்டடத்தை வாங்கியிருந்த சிம்பனி ஸ்பேஸ் என்னும் இலாப நோக்கமற்ற கலை அமைப்பு, அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையை விற்றவருக்கு ஒப்பந்தத்தில் அளித்திருந்தது. அவ்வுரிமையைப் பின்னர் பெற்றவர்கள் அதைச் செயல்படுத்த முனைந்தபோது வழக்கு எழுந்தது. சொத்துரிமை வரம்பின்றி எதிர்காலத்துக்குத் தள்ளிப்போகக் கூடாது என்ற பழைய சட்டவிதியின்படி அவ்வுரிமை செல்லாது என 1996இல் மாநில உச்ச மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் தாலியாவின் பழைய உட்புறம் அகற்றப்பட்டு, நடிகர் லியோனார்ட் நிமாய் அளித்த நன்கொடையின் துணையுடன் 2002இல் திறக்கப்பட்ட புதிய அரங்கு, அவர் பெயரோடு தாலியா என்ற பெயரையும் தாங்குகிறது.

ரசிகர்களின் பற்று தாலியாவை அரை நூற்றாண்டு வாழவைத்தது. ஆனால் அதன் பெயரை அழியாமல் காத்தது, கட்டடம் ஒரு கலை அமைப்பின் கையில் இருந்ததே. பழைய திரையரங்குகளைக் காக்க விரும்பும் எந்த ஊரும் முதலில் பார்க்க வேண்டியது, அவை நிற்கும் நிலம் யாருடையது என்பதைத்தான்.