கடம் ஏந்திய கைகள்

பெண்பிள்ளைக்குத் தாளவாத்தியம் பிழைப்பாகுமா என்று பிரம்மதேசத்தில் எம்மை வினவுவோர் உளர். பெருநாளன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் சிறுமியர் தஃப் கொட்டியதை நபிகள் நாயகம் (ஸல்) தடுக்கவில்லை என்பதை அவர்களும் அறிவர். அவர்தம் ஐயம் வருவாயைப் பற்றியதே.

மயிலாடுதுறையில் 1957இல் பிறந்த சுகன்யா ராம்கோபால் கடம் கற்க விழைந்தார். பெண்ணுக்கு அது கடினம் என்று விக்கு விநாயக்ராம் தயங்க, அவர் தந்தையார் ஹரிஹர சர்மா கற்பித்தார். விரல்கள் தேறின. தடையோ வேறிடத்தில் இருந்தது. கடம் உபபக்கவாத்தியமன்றோ! மிருதங்க வித்துவான் இசையாவிடில் மேடையில் இடமேது? பெண்ணுடன் அமர மறுத்தோரும் இருந்தனர்.

வெவ்வேறு சுருதிக்குரிய கடங்களை வரிசையாய் வைத்து, அவர் கடத்தையே முதன்மை வாத்தியமாக்கினார். 1995இல் 'ஸ்திரீ தாள் தரங்' என்னும் மகளிர் குழுவை அமைத்தார். 2014ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதமி விருதும் அவரைச் சேர்ந்தது.

வினவியவர்களிடம் இவற்றைச் சொன்னோம். நல்ல கடம் மானாமதுரையில் கிடைக்கும் என்பதையும் சொல்லி வைத்தோம்.