பதநீரும் நுங்கும்

சித்திரை பிறந்துவிட்டால் ஐதராபாத்துச் சாலையோரங்களில் நுங்கு குவியல் குவியலாக வந்து இறங்குகிறது. இவ்வூரார் அதனை முஞ்சலு என்பர். பெயர் வேறாயினும் மரம் நம் பனையே. மேல்நாட்டார் கோடையில் திராட்சை மதுவில் பழத்துண்டுகளை இட்டுக் குளிர வைத்துப் பருகுவர். அதற்கு நிகரான பானம் நமக்குப் பண்டே வாய்த்துள்ளது. பனையோலைப் பட்டையில் பதநீரை ஊற்றி, நுங்கை இட்டுப் பருகுவதே அது. அதில் இனிமை உண்டு, மயக்கம் இல்லை.

இந்த வேறுபாட்டை விளக்க வேண்டிய நிலை சென்ற பங்குனியில் எனக்கு நேர்ந்தது. ஆறாம் வகுப்பிற் பயிலும் என் மகள் வாடிய முகத்தோடு வீடு திரும்பினாள். தன் தாத்தா பனையேறியவர் என்று வகுப்பில் அவள் சொல்ல, கள் விற்றவர் என்று பிள்ளைகள் சிலர் நகைத்தார்களாம். "தாத்தா கள்ளா அப்பா இறக்கினார்கள்?" என்று கேட்டாள். உடன்குடிப் பக்கத்தில் முப்பது ஆண்டுகள் பனையேறி, என்னை மெட்ரிகுலேஷன் வரை படிக்க வைத்தவர் என் தந்தை. மரம் உராய்ந்த தழும்பு அவர் மார்பில் இன்றும் உண்டு.

நான் அவளுக்குச் சொன்னது இதுதான்: பாளையைச் சீவினால் வடியும் சாறு ஒன்றே. அதில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை இருக்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் சில மணி நேரத்திலேயே அதனைப் புளிக்கச் செய்துவிடும், அது கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் புளிப்பு தடைபடும், அது பதநீர். இரண்டுக்கும் நடுவே நிற்பது சிறிது சுண்ணாம்பே. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை உண்டு. தெலங்கானாவில் உரிமம் பெற்றோர் இறக்கலாம். இங்கும் புளிக்காத சாறாகிய நீராவை விற்க, உசேன் சாகர் ஏரிக்கரையில் 2023-இல் ஒரு நிலையம் திறக்கப்பட்டது. கள் இறக்குவோரும் பதநீர் இறக்குவோரும் ஏறுவது ஒரே மரம். கை தவறினால் இருவருக்கும் ஒரே கதி. அவர்களுள் எவரையும் நகைப்பது தகாது.

சொல்லால் அறிந்ததை நாவாலும் அறியட்டும் என்று பானமும் செய்தோம். பதநீர் இங்கே எளிதிற் கிடைப்பதில்லை. ஆயினும் பதநீரைக் காய்ச்சி இறுக்கியதே கருப்பட்டி. அது ஊரிலிருந்து வந்திருந்தது. 200 கிராம் கருப்பட்டியைத் தட்டி, இரண்டு டம்ளர் நீரில் இளஞ்சூட்டிற் கரைத்து, மண் போக வடிகட்டி ஆறவிட வேண்டும். பின்பு நான்கு டம்ளர் பானைத் தண்ணீரும், சிட்டிகை சுக்குத் தூளும், இரண்டு ஏலக்காயின் பொடியும், அரை எலுமிச்சம்பழச் சாறும் சேர்க்க வேண்டும். இளநுங்கு எட்டினைத் தோலுரித்து நறுக்கி இட்டு, உடனே பருகிவிட வேண்டும். முற்றிய நுங்கு வயிற்றுக்கு ஆகாது.

மகள் தன் வகுப்புத் தோழியர் நால்வரை அழைத்து வந்தாள். பானை காலியாயிற்று. அன்று மாலை அவள் தாத்தாவைத் தொலைபேசியில் அழைத்து, நாளொன்றுக்கு எத்தனை மரம் ஏறினீர்கள் என்று கேட்டாள். "நாற்பது மரம், தாயி, காலையிலும் மாலையிலும்" என்றார். மறுநாள் அந்தக் கணக்கை வகுப்பில் அவளே சொன்னாளாம்.

அன்பர்களே, பிழைப்பை நாடி நாம் ஊரைவிட்டு வந்தோம். நம் முன்னோர் செய்த தொழிலை நம் பிள்ளைகள் பிறர் வாயால் அறிய விடலாமா? இக்கோடையில் ஒரு பானை கரைத்து வைத்து, அருகில் அமர்த்திச் சொல்லுங்கள்.