சொந்தக்காரர் வீடென்றாலும் கடதாசி வேண்டும்

ஸ்காபரோ, கனடா

அன்புள்ள பாண்டிருப்பு உறவுகளுக்கும், கல்முனை, மருதமுனை நண்பர்களுக்கும்,

வைகாசி பிறந்தால் ஊரிலிருந்து வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. "மகளுக்கு அங்கே படிக்க இடம் கிடைச்சிருக்கு. தங்கிறதுக்கு ஒரு அறை பார்த்துத் தருவீங்களா?" செப்ரெம்பரில் வகுப்பு. பல்கலைக்கழக விடுதிகளில் முன்னுரிமை முதலாம் ஆண்டுக்காரருக்குத்தான். கொலிஜ்களுக்குப் போகும் பிள்ளைகள் பலருக்கு அதுவும் இல்லை. ஆகவே வெளியே அறை தேடத்தான் வேண்டும். இந்த மடலை அந்தத் தாய் தகப்பன்மாருக்கும், இங்கே வீடு வைத்திருக்கும் எங்கள் ஆக்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

இலங்கையின் கிழக்கில் எங்கள் கரைக்கு வாடகை பெரிதாகப் பழக்கமில்லை. தமிழரானாலும் முஸ்லிம்களானாலும், மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை, பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். தாயின் வளவிலேயே இன்னொரு வீடு எழும்பும். மாப்பிள்ளை அங்கே வந்து சேருவார். பாண்டிருப்பில் பிறந்த பெண் தன் பெயருக்கு வரப்போகும் சுவர்களைப் பார்த்தே வளர்கிறாள். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து அந்தச் சுவர்களை இடித்துப் போட்ட பிறகும், பாடசாலைகளிலும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் இடம் போதாதபோது எங்களை ஏற்றுக்கொண்டது உறவுக்காரர் வீடுகள்தான். யாரும் யாரிடமும் எழுதி வாங்கவில்லை. தங்க இடம் கொடுத்தவரிடம் "எழுதித் தாங்க" என்று கேட்பது எங்கள் ஊரில் மானக்கேடு. நல்ல பழக்கம் அது. ஆனால் கடல் கடந்து வரும் பிள்ளைக்கு அதுவே ஆபத்தாகிறது.

எழுதிக் கேட்க நாங்கள் தயங்குவதற்கு இரண்டாவது காரணம் கொழும்பு. மொறட்டுவைக்கும் கொழும்புப் பல்கலைக்கழகத்துக்கும் போன எங்கள் பிள்ளைகள் வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் போடிங் தேடித் தங்கிய காலம் போர்க்காலம். அறையை விடப் பொலிஸ் பதிவுதான் பெரிய விஷயம். ஏன் வந்தாய், எப்போது போவாய் என்ற கேள்விக்கு எந்த நேரமும் பதில் வைத்திருக்க வேண்டும். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரை, "கொழும்பில் இருக்கக் காரணமில்லை" என்று சொல்லி, பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பினார்கள். வாடகை கட்டியவர்கள், வைத்தியத்துக்கு வந்தவர்கள், வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள்.

இதை எதிர்த்து மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்ற அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வெளியேற்றம் நடந்த அடுத்த நாளே நீதிமன்றம் அதைத் தொடர விடாமல் நிறுத்தியது. எங்கள் தலைமுறைக்கு அந்தப் பஸ்கள் நினைவிருக்கிற அளவுக்கு அந்த நீதிமன்ற உத்தரவு நினைவில்லை. தங்கும் இடத்தில் வாய் திறக்காதே என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோம். சட்டத்தின் கதவைத் தட்டலாம் என்பதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தப் பயம் ரொறன்ரோ விமான நிலையத்திலும் பிள்ளைகளோடு சேர்ந்தே இறங்குகிறது.

இங்கே நிலைமை இதுதான். படிப்பு விசாவுக்குக் காட்ட வேண்டிய ஒரு வருட வாழ்க்கைச் செலவுப் பணம் வெகுகாலம் 10,000 டொலராக இருந்தது. 2024 ஜனவரியில் அதை 20,635 ஆக்கினார்கள். 2025 செப்ரெம்பர் 1 முதல் 22,895. படிப்புக் கட்டணம் இதற்குள் இல்லை. மாதத்துக்குப் பிரித்தால் 1,900 டொலருக்குச் சற்று மேல் வரும். அதில் பெரும்பங்கு வாடகைக்கே போய்விடும். அதனால்தான் பிள்ளைகள் ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவின் பேஸ்மென்ற்களை, வீடுகளின் நிலக்கீழ்த் தளங்களை, தேடி வருகிறார்கள். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகமும் சென்ரெனியல் கொலிஜும் இங்கேதான் இருக்கின்றன. மீன், அரிசி, இடியப்பம் விற்கும் கடைகளும் இங்கேதான். வீட்டு உரிமையாளர் பலர் எங்கள் ஆக்கள். ஒரு காலத்தில் அகதியாக வந்து, ஒரே பேஸ்மென்றில் பலராகப் படுத்தெழும்பி, இரண்டு வேலை செய்து வீடு வாங்கியவர்கள்.

ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் சட்டம் வாடகைக்காரருக்குப் பலமானது. வீட்டுக்காரர் வாங்கக்கூடிய முற்பணம் ஒரு மாத வாடகை. அது கடைசி மாதத்துக்கே கழிய வேண்டும். முதல் மாதமும் கடைசி மாதமுமாக இரண்டு மாதக் காசோடு கணக்கு முடிந்தது. சேதம் வந்தால் கழிக்க என்று தனியாகக் காசு வாங்குவது சட்டத்துக்கு மாறு. வெளிநாட்டுப் பிள்ளை என்பதற்காக ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கட்டு என்று வற்புறுத்தவும் முடியாது. கேட்டால் பற்றுச்சீட்டு தர வேண்டும், அதற்குக் காசு வாங்கக் கூடாது. 2018 ஏப்ரல் 30 முதல் மாகாண அரசே ஒரு பொது ஒப்பந்தப் படிவம் வைத்திருக்கிறது. அதை எழுத்தில் கேட்டு 21 நாளுக்குள் தராவிட்டால் ஒரு மாத வாடகையை நிறுத்தி வைக்கலாம். எல்லாவற்றையும் விடப் பெரியது, வீட்டுக்காரர் தானாக யாரையும் வெளியேற்ற முடியாது. வாடகை வழக்குகளைத் தீர்க்கும் மாகாணத் தீர்ப்பாயம் உத்தரவு போட வேண்டும். வாயால் பேசி எடுத்த அறைக்கும், நகரசபை அனுமதியில்லாத பேஸ்மென்றுக்கும்கூட இது பொருந்தும்.

ஆனால் இதில் ஒரு விலக்கு இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் அதிகம் மாட்டுவது அதில்தான். சமையலறையையோ குளியலறையையோ அதே வீட்டில் வாழும் வீட்டுக்காரரோடு, அல்லது அவருடைய துணை, பிள்ளை, பெற்றோரோடு பகிர வேண்டும் என்றால் வாடகைச் சட்டம் அந்தப் பிள்ளையைக் காக்காது. சொந்தக்காரர் வீட்டில் ஒரு அறை என்றால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கல்முனைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி தூரத்து உறவு வீட்டில் இருந்தாள். பெப்ரவரியில், பரீட்சைக்கு முதல் வாரம், "ஊரிலிருந்து ஆக்கள் வருகினம், ஞாயிற்றுக்கிழமைக்குள்ள வேற இடம் பாரு மகள்" என்றார்கள். கோபத்தில் சொன்னதல்ல, அவர்களுக்கும் இடம் வேண்டியிருந்தது. அவளிடம் ஒரு வரி எழுத்தும் இல்லை. எத்தனை நாள் முன்னறிவிப்பு, கட்டிய காசில் எவ்வளவு திரும்பும் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வைத்திருந்தால் அந்தப் பரீட்சையை நிம்மதியாக எழுதியிருப்பாள். வாடகைச் சட்டம் கைவிடும் இடத்திலும் அந்தத் தாளைக் காட்டிச் சிறு வழக்குகளுக்கான நீதிமன்றத்துக்குப் போகலாம்.

அறை பார்க்கும்போது முதலில் யன்னலைப் பாருங்கள். பேஸ்மென்றில் தீப்பிடித்தால் படிக்கட்டை நம்ப முடியாது. ஆள் வெளியேறக்கூடிய அளவில் யன்னலோ இன்னொரு வாசலோ இருக்க வேண்டும். புகை அலாரம் வேலை செய்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். குளிர்காலத்தில் வீட்டுக்குள் 21 பாகை வெப்பம் இருக்க வேண்டும் என்பது ரொறன்ரோ நகரசபையின் விதி. சூட்டைக் கூட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. வரைபடத்தில் கிட்ட என்று தெரிவதை நம்பி எடுக்க வேண்டாம். ஸ்காபரோவின் ரயில் 2023 ஜூலை 24இல் தடம் புரண்டது. அதன் பிறகு ஓடவில்லை. அந்தத் தடத்தில் இப்போது பஸ்தான். வகுப்புக்குப் போகும் நேரத்திலேயே ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும். ஊரிலிருந்தபடி படத்தைப் பார்த்து உண்டியலில் காசு அனுப்பாதீர்கள். தெரிந்த ஒருவர் அந்த வாசலுக்குள் காலடி வைத்து, வீட்டுக்காரரைப் பார்த்துப் பேசிய பிறகு அனுப்புங்கள்.

வீடு வைத்திருக்கும் எங்கள் ஆக்களுக்கு: அறை அறையாக வாடகைக்கு விடும் வீடுகள் ஸ்காபரோவில் வெகுகாலம் தடை செய்யப்பட்டிருந்தன. 2024 மார்ச் 31 முதல் நகரம் முழுவதும் அனுமதி உண்டு. உரிமம் எடுத்து நடத்தலாம். ஒளித்துச் செய்ய இனிக் காரணமில்லை. வகுப்பு நடக்கும் காலத்தில் பிள்ளைகள் வளாகத்துக்கு வெளியே வேலை செய்யக்கூடியது வாரத்துக்கு 24 மணித்தியாலம்தான். அந்தக் கைக்காசுக்குள் நின்று வாடகை கேளுங்கள்.

சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். 1936இல், பொருளாதாரம் விழுந்திருந்த காலத்தில், ரொறன்ரோப் பல்கலைக்கழக மாணவர் சிலர் கூட்டுறவு முறையில் வீடெடுத்து, சமையலும் துப்பரவும் தாங்களே பங்கிட்டு வாழத் தொடங்கினார்கள். அந்தக் கூட்டுறவு இன்றும் நடக்கிறது. நாங்களும் சேர்ந்து செய்தவர்கள்தான்: ஸ்காபரோ வளாகத்தின் தமிழ் இருக்கைக்கு 30 இலட்சம் டொலர் சேர்த்து 2021இல் அந்த இலக்கை எட்டினோம். தமிழ் படிக்க இருக்கை வைத்த சமூகத்துக்கு, படிக்க வரும் பிள்ளைகளுக்கு இரண்டு வீடு எடுத்துக் கொடுப்பது பெரிய காரியமில்லை. பாண்டிருப்பு, கல்முனை, மருதமுனை, காரைதீவு என்று ஊருக்கொரு சங்கம் இருந்தாலும் இந்த வேலையில் ஒன்றாக நிற்கலாம். அதுவரைக்கும், நேரில் பார்த்துச் சரியென்று கண்ட அறைகளின் பட்டியல் ஒன்றையாவது ஒவ்வொரு ஆவணியிலும் தயாரித்து வைப்போம்.

தாய் தகப்பன்மாரே, பிள்ளையை அனுப்பும்போது "சொந்தக்காரரிட்ட எழுதிக் கேக்காத" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். கேட்பதால் உறவு குறையாது. காசுக் கணக்கு தெளிவாக இருக்கும் வீட்டில்தான் உறவு நீடிக்கும். இங்குள்ள அண்ணன்மாரே, அக்காமாரே, நானாமாரே, ராத்தாமாரே, பிள்ளை வாய் திறந்து கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். திறப்பைக் கொடுக்கும்போதே கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையும் கொடுத்துவிடுங்கள். கொழும்பில் எங்களுக்குக் கிடைக்காத பாதுகாப்பு அது. இங்கே அதைக் கொடுக்கும் இடத்தில் இப்போது நாங்கள்தான் இருக்கிறோம்.

அன்புடன்,
உங்கள் ஊரவன்