கையில் வந்த ராணி ஜோடி

தீபாவளியை ஒட்டிச் சீட்டாடுவது தில்லியில் நெடுநாள் வழக்கம். பிழைப்பை நாடி இங்கு வந்த நாமும் காலப்போக்கில் அதில் கலந்துகொண்டோம். நம் குடியிருப்பில் ஆடப்படுவது போக்கர். கையில் இரண்டு சீட்டு. நடுவில் ஒவ்வொரு கட்டமாய் விரியும் ஐந்து பொதுச் சீட்டு. பணயம் காசன்று, புளியங்கொட்டை. ஆயினும் மனம் படும் பாடு காசுக்குரியதே!

இவ்வாட்டத்தில் நம்மைத் தடுமாறச் செய்வது மோசமான கையன்று. அதைக் கீழே வைத்துவிடலாம். மிக உயர்ந்த கையுமன்று. அது தன்னைத் தானே காத்துக்கொள்ளும். இப்போது முந்தி நின்று, அடுத்த சீட்டில் பிந்திவிடக்கூடிய நடுத்தரக் கையே சோதனை.

சென்ற ஆண்டு அத்தகைய கை நமக்கு வாய்த்தது. நம்மிடம் கிளாவர் ஏஸும் டைமன் ராணியும். முதலில் விரிந்தவை இஸ்பேட் ராணி, இஸ்பேட் ஒன்பது, ஆர்ட்டின் நான்கு. ராணி ஜோடி நம்முடையதாயிற்று. ஆனால் கையில் இரண்டு இஸ்பேட் உள்ளவருக்கு இன்னுமொன்று வந்தால், ஐந்தும் ஓரினமாகி நம்மை வென்றுவிடும். நாம் காணாத 47 சீட்டுகளில் அவருக்கு உதவுபவை 9. அடுத்த சீட்டிலேயே அது வரும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. எஞ்சிய இரண்டையும் பார்க்கவிட்டால் மூன்றில் ஒன்றுக்கும் மேல்.

நடுவில் 100 கொட்டைகள். நாம் 20 வைத்தால், எதிரி 20 கொடுத்து 120க்கு ஆசைப்படுவார். அது அவருக்கு மலிவு. 70 வைத்தால், 70 கொடுத்து 170க்கு ஆசைப்பட வேண்டும். அது வாய்ப்புக்கு மிஞ்சிய விலை. பிறர் ஆசைக்கு உரிய விலையை வாங்குவதே நம் கைக்குக் காப்பு. ஆகவே 70 வைத்தோம். ஒருவர் விலகினார்; பஞ்சாபி நண்பர் தொடர்ந்தார்.

நான்காம் பொதுச் சீட்டு இஸ்பேட் ஏழு! அதுவரை ஓயாது பேசிய நண்பர் வாய் மூடி 200 வைத்தார். நேரில் அமர்ந்து ஆடுகையில் முகமும் ஒரு சீட்டன்றோ? ஜோடியைக் கவிழ்த்து வைத்தோம். அவர் தம் சீட்டைக் காட்டவில்லை, நாம் கேட்கவுமில்லை.

அரசுக் குடியிருப்பில் வாழும் நம்மனோரின் சேமிப்பும் இத்தகைய ராணி ஜோடியே. ஓய்வு பெற்றபின் வீட்டை ஒப்படைத்தாக வேண்டும். வீட்டு விலையோ நமக்காகக் காத்திருப்பதில்லை. 'பார்ப்போம்' என்று ஆண்டுகளைத் தள்ளுவது, விலையேற்றத்துக்கு இலவசச் சீட்டுக் கொடுப்பதாகும். இவ்வாண்டு சிறு வீடொன்றுக்கு முன்பணம் கட்டியுள்ளோம். துணிந்து வைக்க ஒரு வேளை, கவிழ்த்து வைக்க ஒரு வேளை. இரண்டையும் அறிந்தவர்க்கு ராணி ஜோடி போதும்.