பாட்டைக் கொடுத்தவர் பெயர்

ஆசிரியர் அறையில் தேர்வுத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது என் கைப்பேசியிலிருந்து மெல்லிய ஒலியில் ஒரு பாடல் கசிந்துகொண்டிருந்தது. எதிர் மேசையில் இருந்த ஆசிரியை சற்று நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஐயா, தமிழாசிரியராக இருந்துகொண்டு வெள்ளைக்கார மாட்டுக்காரன் பாட்டைக் கேட்கிறீர்களே!”

அவர் கேலியாகத்தான் சொன்னார். நானும் சிரித்துவிட்டேன். ஆயினும் அப்போது ஒலித்துக்கொண்டிருந்தது மாட்டுக்காரர் பாட்டும் அன்று. அதைப் பாடியவர்கள் வெள்ளையரும் அல்லர். அதனால்தான் இதை எழுதத் தோன்றிற்று. அண்மை ஆண்டுகளில் வெளிவந்த ஐந்து இசைத்தொகுப்புகளைப் பற்றிச் சொல்லப் போகின்றேன். அவற்றுள் ஒன்று என்னைச் சில இரவுகள் தூங்கவிடவில்லை. அந்தக் கதையை இறுதியில் சொல்கின்றேன்.

கண்ட்ரி இசை எனக்கு என் தந்தையார் வழியாக வந்தது. அவருடைய பழைய காரில் ஜிம் ரீவ்சும் கென்னி ராஜர்சும் ஒலிநாடாக்களில் இருந்தார்கள். சொற்கள் புரியாத வயதிலேயே அந்தக் குரல்களின் ஏக்கம் எனக்குப் புரிந்தது. வளர்ந்த பிறகு, பளபளப்பு மிகுந்த வணிகக் கண்ட்ரி இசை சலித்துப்போன காலத்தில், ‘மாற்றுக் கண்ட்ரி’ என்றும் ‘வேர் இசை’ என்றும் சொல்லப்படுகின்ற இன்னொரு கிளை இருப்பதை அறிந்தேன்.

அந்தக் கிளையின் கதை சுருக்கமானது. இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ‘அங்கிள் டுபெலோ’ என்ற குழு 1990ஆம் ஆண்டில் ‘நோ டிப்ரெஷன்’ என்னும் தொகுப்பை வெளியிட்டது. கார்ட்டர் குடும்பத்தார் 1936இல் பதிவு செய்த பழம்பாடல் ஒன்றை அவ்விளைஞர்கள் ராக் இசையின் வேகத்தோடு சேர்த்துப் பாடினார்கள். தொகுப்பின் பெயரும் அப்பாடலிலிருந்தே வந்தது. 1995இல் தொடங்கப்பட்ட ஓர் இசை இதழும் அதே பெயரைச் சூட்டிக்கொண்டது. புதியதாக எழுந்த ஓர் இயக்கம் தன் பாட்டனார் பாட்டின் பெயரால் அழைக்கப்பட்டது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

ஆனால் அந்தப் பாட்டனார் யாரிடம் கற்றார்? கதையின் முதன்மையான இடம் இதுதான்.

1927ஆம் ஆண்டு கோடையில், டென்னசி, வெர்ஜீனியா மாநிலங்களின் எல்லையில் உள்ள பிரிஸ்டல் நகருக்கு ரால்ப் பியர் என்பவர் ஒலிப்பதிவுக் கருவிகளோடு வந்தார். கார்ட்டர் குடும்பத்தாரும் ஜிம்மி ராஜர்சும் அங்கேதான் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டார்கள். புகழ் வந்ததும் மேலும் பாடல்கள் தேவைப்பட்டன. ஏ. பி. கார்ட்டர் மலைக்கிராமங்களில் பாடல் திரட்டப் புறப்பட்டார். அவரோடு சென்றவர் லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பினக் கிதார் கலைஞர். சிமெண்டு ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர் அவர். கார்ட்டர் சொற்களை எழுதிக்கொள்வார். ரிடில் மெட்டை மனத்தில் பதித்துக்கொள்வார். ஒலிப்பதிவுக் கருவி இல்லாத அந்தப் பயணத்தில் ரிடிலின் நினைவாற்றலே கருவி. குடும்பத்தில் இளையவரான மேபெல் கார்ட்டருக்குக் கிதார் வாசிப்பில் சில நுட்பங்களைக் கற்பித்தவரும் அவரே.

இசைத்தட்டுகளில் கார்ட்டர் பெயர் இருந்தது. ரிடில் பெயர் இல்லை. பிற்காலத்தில் மேபெல் கார்ட்டர் தமக்குக் கற்பித்தவர் இன்னார் என்று வாய்திறந்து சொன்னார். அதைக் கேட்ட மைக் சீகர் என்ற இசைக்கலைஞர் 1965ஆம் ஆண்டில் ரிடிலைத் தேடிக் கண்டுபிடித்து அவருடைய பாட்டைப் பதிவு செய்தார். மாணவி ஒருவர் பெயரைச் சொன்னதால் ஆசிரியர் ஒருவர் மீண்டார்.

இதை அறிந்த பிறகு, புதிய தொகுப்பு ஒன்றைக் கேட்கும்போதெல்லாம் நான் ஒரு கேள்வியை எழுப்பிக்கொள்கின்றேன்: இவர்கள் தங்களுக்குப் பாட்டைக் கொடுத்தவரை நினைக்கின்றார்களா? பின்வரும் ஐந்தையும் அந்தக் கேள்வியோடுதான் கேட்டேன்.

1. ‘வூட்லாண்ட்’ (2024)

கில்லியன் வெல்ச், டேவிட் ராலிங்ஸ் ஆகிய இருவரின் தொகுப்பு. வூட்லாண்ட் என்பது நாஷ்வில் நகரில் அவர்கள் நடத்தி வருகின்ற ஒலிப்பதிவுக் கூடத்தின் பெயர். 2020 மார்ச்சு மாதத் தொடக்கத்தில் அந்நகரைத் தாக்கிய சூறாவளி அக்கூடத்தின் கூரையைப் பிய்த்தெறிந்தது. கொட்டும் மழையில், இருட்டில், இருவரும் ஒலிநாடாக்களையும் இசைக்கருவிகளையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வாழ்நாள் உழைப்பு நனையவிருந்த இரவு அது.

தொகுப்பில் பத்துப் பாடல்கள். இரண்டு கிதார்கள், இரண்டு குரல்கள். சில இடங்களில் மட்டும் வயலின் முதலிய கருவிகள் பின்னால் வந்து சேர்கின்றன. ‘ஹேஷ்டேக்’ என்றொரு பாடல் உண்டு. பெயரைப் பார்த்து ஏதோ விளையாட்டுப் பாட்டு என்று எண்ணினேன். 2016இல் மறைந்த பாடலாசிரியர் கய் கிளார்க்கை நினைந்து எழுதிய பாடலாம். இளமையில் இவர்களைத் தம்மோடு மேடைகளுக்கு அழைத்துச் சென்றவர் அவர். பாடகர் ஒருவரின் பெயர் உலகமெங்கும் பேசப்படுவது அவர் இறந்த நாளில்தான் என்னும் கசப்பை அது மிக மென்மையாகச் சொல்கின்றது. இத்தொகுப்பு 2025இல் சிறந்த நாட்டார் இசைத்தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது. ஒன்றை மட்டும் கேட்க நேரமுள்ளவர்கள் இதைக் கேட்கலாம்.

2. ‘டிரெய்ல் ஆஃப் ஃபிளவர்ஸ்’ (2024)

சியரா ஃபெரல் மேற்கு வெர்ஜீனியாவில் வறுமையில் வளர்ந்தவர். சரக்கு இரயில்களில் தொற்றி ஊர் ஊராகத் திரிந்து, தெருவோரத்தில் பாடிப் பிழைத்தவர். அந்தத் தெருதான் அவருக்குப் பள்ளிக்கூடம். வால்ட்ஸ், ஜாஸ், பழைய பிடில் ஆட்டப்பாட்டு என்று எல்லாம் அவர் தொண்டையில் கலந்து கிடக்கின்றன. ஆர்தர் ஸ்மித் என்ற பிடில் கலைஞர் 1930களில் பதிந்த ஒரு பாடலையும் இதில் பாடியிருக்கின்றார். பழைய பாட்டு எது, அவர் எழுதியது எது என்று முதல் முறை கேட்பவரால் பிரிக்க இயலாது. 2025 கிராமி விழாவில் நான்கு விருதுகளை வென்றார்.

3. ‘ஃபாக்ஸஸ் இன் த ஸ்னோ’ (2025)

ஜேசன் இஸ்பெல் அலபாமாக்காரர். சிறுவயதில் தம் பாட்டனாரிடம் கிதார் கற்றவர். வழக்கமாகத் தம் குழுவினரோடு பாடும் இவர், இத்தொகுப்பில் தனியாக அமர்ந்து, 1940ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஒரே மார்ட்டின் கிதாரை வைத்துக்கொண்டு, ஐந்து நாளில் பாடி முடித்திருக்கின்றார். மணமுறிவுக்குப் பின்வந்த பாடல்கள். சில இடங்களில் தம்மையே நியாயப்படுத்திக்கொள்கின்றாரோ என்று எனக்குப் பட்டது. ஆனால் ஒளிந்துகொள்ள வேறு கருவி ஏதும் இல்லாமல் பாடுவதற்குத் துணிவு வேண்டும்.

4. ‘ஸ்நைப் ஹண்டர்’ (2025)

கென்டக்கி மலைப்பகுதியைச் சேர்ந்தவர் டைலர் சைல்டர்ஸ். அவருடைய தந்தையார் நிலக்கரித் தொழிலில் இருந்தவர். தம் மலைநாட்டு உச்சரிப்பைச் சற்றும் திருத்திக்கொள்ளாமல் பாடுவார். மொழி கற்பிக்கின்றவன் என்ற முறையில் அது எனக்கு மகிழ்ச்சி தருகின்றது. 2020இல் ‘லாங் வயலண்ட் ஹிஸ்டரி’ என்னும் தொகுப்பைப் பெரும்பாலும் பழைய பிடில் இசையாலேயே நிரப்பி, கடைசிப் பாட்டில் மட்டும் வாய்திறந்து கறுப்பின மக்கள்மீதான கொடுமையைப் பற்றித் தம் ஊர் வெள்ளையரிடம் பேசினார்.

புதிய தொகுப்பைத் தயாரித்தவர் ரிக் ரூபின். சத்தம் அதிகம், எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாடல் பட்டியலில் ‘தீர்த்த யாத்ரா’ என்ற பெயரைக் கண்டபோது கண்ணைக் கசக்கிக்கொண்டு மீண்டும் பார்த்தேன். அதுவேதான். கீதையைப் படித்துவிட்டு, இந்தியாவுக்குத் திருத்தலப் பயணம் போக விரும்பும் கென்டக்கிக்காரர் ஒருவரின் பாட்டு. கேலி இல்லை, பகட்டும் இல்லை. தாம் எங்கிருந்து பெற்றோம் என்பதை அவர் மறைக்கவில்லை.

5. ‘வாட் டிட் த பிளாக்பேர்ட் சே டு த குரோ’ (2025)

ஆசிரியர் அறையில் அன்று ஒலித்தது இதுதான். ரியானன் கிடன்ஸ் பாஞ்சோவும் ஜஸ்டின் ராபின்சன் பிடிலும் வாசிக்கின்றார்கள். இருவரும் வட கரோலினாவைச் சேர்ந்த கறுப்பினக் கலைஞர்கள்.

பாஞ்சோ என்றவுடன் வெள்ளைக்காரர் ஒருவரின் கையில்தான் பலரும் அதைக் கற்பனை செய்கின்றோம். உண்மையில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் தம் நாட்டுக் கருவிகளின் நினைவில், சுரைக்குடுக்கையில் தோல் போர்த்தி நரம்பு கட்டிச் செய்த கருவியே அதன் மூதாதை. 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பினத்தாருக்கு ஒரு வரிசை, மலைநாட்டு வெள்ளையருக்கு ஒரு வரிசை என்று பிரித்து விற்றன. பிடிலும் பாஞ்சோவும் வாசித்த கறுப்பினக் குழுக்கள் அந்த இரண்டு வரிசையிலும் பொருந்தவில்லை. ஆகவே அவை மிகக் குறைவாகவே பதிவாயின. பதிவு இல்லாததால், அப்படி ஒரு மரபே இருந்ததில்லை என்று பின்வந்தவர்கள் நம்பினார்கள்.

அம்மரபின் கடைசிக் கண்ணிகளுள் ஒருவர் ஜோ தாம்சன். 1918இல் பிறந்தவர். வட கரோலினாவின் மீபன் என்ற சிற்றூரில் மரத்தளவாடத் தொழிற்சாலையில் உழைத்துக்கொண்டே தம் தந்தையிடம் கற்ற பிடிலை விடாமல் வாசித்து வந்தார். 2005இல் கறுப்பினப் பாஞ்சோ கலைஞர்களின் ஒன்றுகூடலில் சந்தித்துக்கொண்ட இளைஞர்கள் மூவர் வாரந்தோறும் அவர் வீட்டுக்குச் சென்று கற்றார்கள். அவர்களே ‘கரோலினா சாக்லேட் டிராப்ஸ்’ என்ற குழுவாயினர். கிடன்சும் ராபின்சனும் அவர்களுள் இருவர். கிழவர் 2012இல் மறைந்தார்.

கிடன்ஸ் சாதாரண ஆளல்லர். ஒபரா பாடப் பயின்றவர். ‘ஓமர்’ என்னும் ஒபராவை இணைந்து இயற்றியதற்காக 2023இல் புலிட்சர் பரிசு பெற்றவர். பியான்சேயின் 2024ஆம் ஆண்டுப் பாடலொன்றில் பாஞ்சோ வாசித்து உலகத்தார் காதுகளை எட்டியவர். அத்தகையவர் உலகின் எந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் போயிருக்கலாம். போகவில்லை. ராபின்சனை அழைத்துக்கொண்டு மறைந்த ஆசிரியரின் வீட்டுக்குப் போனார். எட்டா பேக்கர் என்ற மூதாட்டிக் கிதார் கலைஞர் வாழ்ந்த வீட்டுக்கும், முன்னாள் தோட்ட மாளிகை ஒன்றுக்கும் போனார். திறந்தவெளியில் அமர்ந்து பதினெட்டுப் பாடல்களை வாசித்தார்கள். அவற்றுள் பல, தாம்சன் கற்றுக்கொடுத்தவை. இடையிடையே பறவைகள் கத்துகின்றன, சில்வண்டுகள் இரைகின்றன. எதையும் நீக்கவில்லை.

மெருகு வேண்டுவோருக்கு இது சலிப்பூட்டலாம். ஒரே மெட்டு திரும்பத் திரும்பச் சுழலும். ஆட்டத்துக்கான இசை அப்படித்தான் இருக்கும். இரண்டாம் முறை கேட்கும்போது கால் தானாகத் தாளமிடும்.

இனி, தூங்காத இரவுகளின் கதை.

பயிற்சி ஆசிரியராக இருந்தபோது வாய்மொழிப் பாடல்களைத் திரட்டும் இடுபணி ஒன்று எங்களுக்குக் கொடுக்கப்பட்டது. என் பெரியம்மா குடியிருந்த தோட்டத்துக்குப் போனேன். அங்கே ஆயாக்கொட்டகையில் பல ஆண்டுகள் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட மூதாட்டி ஒருவர் இருந்தார். இரண்டு மாலைப்பொழுதுகளில் பதினொரு பாடல்களைப் பாடினார். தாலாட்டும், விளையாட்டுப் பாட்டும், விடியலில் பால்மரக் காட்டுக்குப் போகும் தாய்மார் பாட்டும் அவற்றில் இருந்தன. எனக்கு வரக்காப்பியும் ரொட்டியும் கொடுத்தார். எனக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. பிறகு அப்பாடல்களைச் சிறு கையேடாக்கிப் படியெடுத்து ஆசிரியர்களுக்கு வழங்கினேன். அட்டையில் ‘தொகுத்தவர்’ என்று என் பெயர் மட்டும் இருக்கின்றது.

இந்த ஆண்டு என் மாணவி ஒருத்தி கேட்டாள்: “ஐயா, இந்தப் பாட்டை யாரு எழுதுனது?” “நாட்டுப்புறப் பாடல் அம்மா, எழுதியவர் பெயர் தெரியாது” என்றேன். பாடநூலின்படி சரியான விடைதான். ஆயினும் எழுதியவர் யாரென்று தெரியாவிட்டாலும், எனக்குப் பாடிக் கொடுத்தவர் ஒருவர் இருந்தாரே! அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்குமே! அன்றிரவுதான் ஜோ தாம்சன் வீட்டு முற்றத்துப் பிடிலை முதன்முறையாகக் கேட்டேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே உறைத்தது: அந்த மூதாட்டியின் பெயரை நான் கேட்கவே இல்லை.

மறுநாள் பெரியம்மாவை அழைத்தேன். “பெயரா? எல்லாரும் ஆயான்னுதானேப்பா கூப்பிட்டோம்” என்றார். ஆயா காலமாகிப் பல ஆண்டுகள் ஆயினவாம். தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. மகள் ஒருத்தி சுங்கைப் பட்டாணியில் இருப்பதாகக் கேள்வி. விசாரித்துச் சொல்வதாகப் பெரியம்மா கூறினார்.

கையேட்டைக் கணினியில் மீண்டும் தட்டச்சு செய்துவிட்டேன். அட்டையில் என் பெயருக்கு மேலே, ‘பாடியவர்’ என்று எழுதி, ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கின்றேன். பெரியம்மா இன்னும் அழைக்கவில்லை. நாளை நானே அழைக்கின்றேன்.